நிறுவ மறுக்கும் கணிப்பொறியும் அது கூறும் எண்ணும்



புதிய மென்பொருள் ஒன்றைக் கணிப்பொறியில் நிறுவ முற்படும்போது, வேலை பாதியில் நின்றுபோய், திரையின் நடுவே சிறிய பெட்டி ஒன்று தோன்றி, அதில் ஓர் எண் மட்டும் நம்மை நோக்கி நிற்பதைக் காணாத இல்லம் இன்று அரிது. அது மகனின் கல்லூரிப் பாடத்திற்கான மென்பொருளாக இருக்கலாம். கடைக் கணக்கு எழுதும் டேலியாக இருக்கலாம். புதிதாய் வாங்கிய அச்சுப்பொறிக்கு உரியதாகவும் இருக்கலாம். 1603 என்கிறது, 1618 என்கிறது, இல்லையேல் ஒரு பூஜ்யமும் 'எக்ஸ்' எழுத்தும் முன்னால் நிற்க, 80070643 என்று நீட்டி எழுதுகிறது. இல்லத்தில் உள்ளோர் அப்போது இருவகையாகப் பிரிகின்றனர். ஒருவர் பெட்டியை மூடிவிட்டு அதே பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவார். மற்றவர் அஞ்சிப்போய்க் கருவியைப் பையில் இட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் புறப்படுவார். எண்ணைப் படித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்த எண்ணுக்குத் தெளிவான பொருள் உண்டு; அதைப் படித்தறியப் பெரும் கல்வியும் வேண்டுவதில்லை.

தந்தி வழக்கில் இருந்த நாள்களை நம்முள் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். திருமணத்துக்கோ பண்டிகைக்கோ வாழ்த்துத் தந்தி அனுப்பச் சென்றால், அஞ்சலகத்தில் வாழ்த்து வாசகங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் எண். நாம் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும். கம்பியில் எண் மட்டும் செல்லும். மறுமுனையில் இருப்பவர் தம் பட்டியலைப் பார்த்து முழு வாசகத்தையும் எழுதிக் கொடுப்பார். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திப் பணி முடிவுக்கு வந்தது. ஆனால் அதே உபாயம் கணிப்பொறிக்குள் இன்றும் நடைபெறுகிறது. நிறுவும் வேலையைச் செய்யும் மென்பொருள், தன்னை ஏவிய மற்றொரு மென்பொருளுக்கு, "வேலை இப்படி முடிந்தது" என்று ஓர் எண்ணால் சொல்கிறது. வாசகம் மொழிக்கு மொழி மாறும், பதிப்புக்குப் பதிப்பு மாறும், எண் மாறாது. குருக்களாகிய எங்களுக்கும் இது புதிதன்று. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1752 சட்டங்கள் உள்ளன. இரு குருக்கள் வாதிடும்போது பெரும்பாலும் எண்களே பறக்கும், வாசகத்தை எவரும் சொல்வதில்லை.

தந்திக்கும் கணிப்பொறிக்கும் ஒரே வேறுபாடு, மறுமுனையில் பட்டியலைப் பார்த்து எழுதிக் கொடுக்கும் அந்த அஞ்சலக ஊழியர் இப்போது இல்லை என்பதே. எண் நேராக நம் கைக்கு வந்துவிடுகிறது. பட்டியலை நாமே பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணுள் முதலில் அறிய வேண்டியது பூஜ்யம். பள்ளித் தேர்வில் பூஜ்யம் வாங்கினால் இல்லத்தில் என்ன நடக்கும் என்பது தெரியும். இங்கே அதற்கு நேர்மாறு: பூஜ்யம் என்றால் எல்லாம் நலம். நலமாக முடிவதற்கு ஒரே வழிதான். கெட்டுப்போவதற்குப் பல வழிகள். ஆகையால் நலத்துக்கு ஒரே எண்ணை ஒதுக்கி, மற்ற எண்களுள் பெரும்பாலானவற்றைக் கேடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டனர். இந்த எண்களுள் சில வியக்கத்தக்க முதுமை உடையவை. 2 என்றால் 'கோப்பு கிடைக்கவில்லை'. 5 என்றால் 'அனுமதி இல்லை'. 1983-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட டாஸ் இரண்டாம் பதிப்பில் இவை இருந்தன. கரும்பச்சைத் திரைகள் போய், வண்ணத் திரைகள் வந்து, மேசைமேல் இருந்தது மடிக்கு வந்த பின்னரும், 5 இன்னும் 'அனுமதி இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் நகரில் இவ்வளவு காலம் பெயர் மாறாத தெருக்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

விண்டோஸில் மென்பொருள் நிறுவுவதற்கென்றே 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' என்ற ஏற்பாடு 1999-இல், ஆபீஸ் 2000 என்னும் தொகுப்புடன் வந்தது. நாம் அடிக்கடி காணும் 1600 வரிசை எண்கள் அதற்கு உரியவை. இவற்றுள் சிலவற்றின் பொருளைக் கேட்டால் சிரிப்பு வரும். 1602 என்றால், நிறுவுவதை நீங்களே நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். எங்கோ 'கேன்சல்' பொத்தானைத் தட்டியிருப்பீர்கள். 1638 என்றால், அதே மென்பொருளின் வேறொரு பதிப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. முதலில் அதை நீக்க வேண்டும். 1619 என்றால், நிறுவற்கோப்பைத் திறக்கவே முடியவில்லை. கைப்பேசி வழியாக இணையத்தை வாங்கிப் பதிவிறக்கம் செய்யும் இல்லங்களில், கோப்பு பாதியில் அறுந்துபோய் இந்த எண் வருவதுண்டு. மீண்டும் பதிவிறக்கம் செய்தால் தீரும். 1633 என்றால், இந்தக் கோப்பு உங்கள் கருவியின் பிராசசர் வகைக்கு உரியதன்று. 32 பிட் கருவியில் 64 பிட் மென்பொருளை ஏற்ற முயன்றிருக்கிறீர்கள். 1625 என்றால், நிறுவக் கூடாது என்று கருவியின் உரிமையாளர் விதி வைத்திருக்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு அலுவலகம் கொடுத்திருக்கும் மடிக்கணினிகளில் இது வரும். அங்கே பழுது ஒன்றும் இல்லை. கருவி நமதல்ல என்பதே செய்தி.

1618-ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் ஒரு தாயும் அவருடைய மகளும், குடும்பத் தலைவரின் முதலாண்டு நினைவுக்கான அட்டையை இல்லத்திலேயே அச்சிட விரும்பினர். புதிய அச்சுப்பொறிக்கான மென்பொருளை ஏற்றும்போது 1618 என்ற எண் வந்தது. மகள் அந்தப் பெட்டியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கணிப்பொறியை எடுத்துச் சென்றாள். கடைக்காரர் எண்ணைப் பார்க்கவில்லை. "விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும்" என்றார். செய்தார். கருவி புதியது போல் திரும்பி வந்தது. அச்சுப்பொறியும் வேலை செய்தது. ஆனால் அட்டையில் அச்சிட வேண்டிய படம் இல்லை. பதினொரு ஆண்டுகளில் எடுத்த படங்கள் அனைத்தும், அந்த மனிதர் தம் மகளின் பிறந்தநாளில் பாடியதைப் பதிவு செய்திருந்த ஒலிக்கோப்பும், வன்தட்டிலிருந்து அழிந்துவிட்டன. உறவினர் கைப்பேசிகளிலிருந்து சில படங்களைத் திரட்ட முடிந்தது. குரல் திரும்பவில்லை.

1618 என்ற எண்ணின் பொருள் இதுதான்: "வேறொரு மென்பொருள் இப்போது நிறுவப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது முடிந்த பின் வருக." பின்னணியில் ஏதோ ஒரு மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்திருக்கும். அரைமணி நேரம் காத்திருந்தாலோ, கருவியை ஒருமுறை அணைத்துத் திறந்திருந்தாலோ தீர்ந்திருக்கும். கடைக்காரரைத் தீயவர் என்று நான் கூறவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினால் பெரும்பாலான தொல்லைகள் மறையும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. ஒழுகும் குழாய்க்காக வீட்டை இடித்துக் கட்டினாலும் ஒழுக்கு நிற்கத்தான் செய்யும். 'ஃபார்மட்' என்ற சொல்லை எவர் கூறினாலும், "எண் என்ன, அதன் பொருள் என்ன, படங்களுக்கு நகல் எடுத்தாயிற்றா?" என்ற மூன்று வினாக்களையும் கேட்காமல் கருவியை ஒப்படைக்காதீர்கள்.

இனி நீண்ட எண்ணுக்கு வருவோம். சென்னையில் முகவரி எழுதும்போது 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று எழுதுகிறோம். வீடு ஒன்றுதான். புதிய எண்ணைக் கண்டு வேறு வீடென்று மயங்கித் தெருவைச் சுற்றி வந்த அஞ்சல்காரரும் விருந்தினரும் பலர். 1603-உம் 80070643-உம் அவ்வாறே ஒரே வீட்டின் இரு எண்கள். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் உள்ள 8, 'தோல்வி' என்பதற்கான அடையாளம். அதைச் சேர்த்து 8007 என்பது, சென்னைத் தொலைபேசிக்கு 044 என்பது போல, இந்தச் செய்தி விண்டோஸின் அடிப்படைப் பகுதியிலிருந்து வருகிறது என்று ஊரைக் காட்டுகிறது. எஞ்சியுள்ள 0643-தான் வீட்டு எண். ஆனால் அது நாம் பத்துப் பத்தாக எண்ணும் முறையில் எழுதப்படவில்லை. பதினாறு பதினாறாக எண்ணும் முறையில் எழுதப்பட்டது. ஆகவே வலது கோடியில் உள்ள 3 ஒன்றுகள். அதற்கு இடப்புறம் உள்ள 4, பதினாறுகள், அதாவது 64. அதற்கும் இடப்புறம் உள்ள 6, இருநூற்று ஐம்பத்தாறுகள், அதாவது 1536. மூன்றையும் கூட்டினால் 1603. அவ்வளவுதான். இவ்வாறே 80070652-இன் கடைசிப் பகுதியைக் கூட்டினால் 1536, 80, 2 சேர்ந்து 1618. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள், மகிழ்ச்சியோடு செய்வார்கள். சில எண்களில் இடையே ஆங்கில எழுத்துகளும் வரும். பத்து முதல் பதினைந்து வரையிலான இலக்கங்களுக்கு அங்கே ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளை இட்டிருக்கிறார்கள். விண்டோஸில் உள்ள கணக்கிடும் கருவியிலேயே 'புரோகிராமர்' என்ற நிலையைத் தேர்ந்தால், அது நமக்காகக் கூட்டிக் கொடுக்கும்.

இந்தக் கணக்குத் தெரிந்தவுடன் அச்சுறுத்தும் எண்கள் பல சாதுவாகிவிடுகின்றன. 80070005 என்பது வேறொன்றுமில்லை, 1983-இலிருந்து நாம் அறிந்த அதே 5: அனுமதி இல்லை. 'நிர்வாகி' உரிமையுடன் நிறுவற்கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் போதும். 80070070 என்பதில் கடைசி 70, ஏழு பதினாறுகள், 112: வட்டில் இடமில்லை. இந்த எண்ணைக் கண்டு வன்தட்டே போய்விட்டது என்று நம்பிப் புதிய வன்தட்டு வாங்கத் துணிந்த ஓர் இளைஞனை நான் அறிவேன். பதிவிறக்கக் கோப்புறையில் குவிந்து கிடந்த திரைப்படங்களை நீக்கியதும் கருவி சரியாயிற்று. 80072 என்று தொடங்குபவை பெரும்பாலும் இணையத் தொடர்பைச் சார்ந்தவை. மென்பொருளைக் குறை கூறுமுன் மோடத்தின் விளக்கைப் பாருங்கள். 8024 என்று தொடங்கினால், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பகுதியிலிருந்து வருவது.

பட்டியலைத் தேடி இணையத்துக்குப் போக வேண்டியதும் இல்லை. அந்தப் பழைய அஞ்சலக ஊழியர் விண்டோஸுக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறார். கட்டளை எழுதும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் 'நெட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, 'ஹெல்ப்' என்பதுடன் எம், எஸ், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதி, மீண்டும் இடைவெளி விட்டு 1618 என்று எழுதுங்கள். அதன் வாசகத்தை அவர் உடனே சொல்வார். 5 என்று கேட்டாலும் சொல்வார். 112 என்று கேட்டாலும் சொல்வார். இத்தனை பயனுள்ள ஒன்றை எவர் கண்ணிலும் படாத இடத்தில் வைத்திருப்பது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனால் 1603 என்று கேட்டால், 'நிறுவும்போது ஃபேட்டல் எர்ரர்' என்று மட்டும் சொல்வார். 'ஃபேட்டல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உயிரைக் கொல்வது என்று பொருள் கண்டு பலர் கலங்குகின்றனர். இங்கே அதன் பொருள், இதற்கு மேல் தொடர முடியாமல் நின்றுவிட்டது என்பதே. கருவிக்கு ஓர் ஆபத்தும் இல்லை. 1603 உண்மையில் ஒரு குறிப்பிட்ட நோயின் பெயரன்று. 'காய்ச்சல்' என்று சொல்வது போன்றது. மலேரியாவா, டைஃபாய்டா, வெறும் சளியா என்பது அதிலிருந்து தெரியாது. மைக்ரோசாப்ட் நிறுவனமே பல காரணங்களைச் சொல்கிறது: அந்த மென்பொருள் ஏற்கெனவே இருக்கலாம்; ஏற்ற விரும்பும் கோப்புறை மறையாக்கம் செய்யப்பட்டிருக்கலாம்; கருவியின் 'சிஸ்டம்' கணக்குக்கு அந்தக் கோப்புறையில் முழு உரிமை இல்லாமல் இருக்கலாம். வேறு காரணங்களும் உண்டு.

காய்ச்சலுக்கு இரத்தம் பார்ப்பது போல, 1603-க்கு 'லாக்' என்னும் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். நிறுவும் மென்பொருள் தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் வரிவரியாக எழுதி வைக்குமாறு நாம் கேட்டுக்கொள்ளலாம். அப்படி எழுதிய கோப்பு பெரும்பாலும் தற்காலிகக் கோப்புகளின் உறையில் கிடைக்கும்; பல்லாயிரம் வரிகள் இருக்கும். கண்டு மலைக்க வேண்டாம். அதனுள் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்ற தொடரை ஆங்கிலத்தில் தேடுங்கள். அது எங்கே முதலில் வருகிறதோ, அதற்குச் சற்று மேலே உள்ள சில வரிகளில்தான் பெரும்பாலும் உண்மைக் காரணம் இருக்கும். இறுதி வரியிலிருந்து படிப்பவர்கள் விளைவை மட்டும் காண்பார்கள். இதைச் செய்யத் தெரிந்த பிள்ளை ஒருவனேனும் நம் பங்கில் ஒவ்வொரு தெருவிலும் இருப்பான். அவனுக்கு ஒரு குவளை காபி கொடுத்து உட்கார வையுங்கள்.

எண் எப்போதும் உண்மையே கூறும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2024 ஜனவரி 9 அன்று மைக்ரோசாப்ட், விண்டோஸ் 10-க்கு கேபி 5034441 என்ற புதுப்பிப்பை வெளியிட்டது. கருவியின் பூட்டைத் தாண்டி உள்ளே நுழைய ஒரு வழி இருந்ததை அடைப்பதற்காக வந்தது அது. கருவி பழுதானால் மீட்பதற்கென வன்தட்டில் ஒதுக்கப்பட்டிருக்கும் சிறு பகுதியில், 250 மெகாபைட் இடம் காலியாக இருந்தால்தான் அது ஏறும். மிகப் பலருடைய கருவியில் அந்த இடம் இல்லை. அப்போது 'இடம் போதவில்லை' என்ற செய்தி வந்திருக்க வேண்டும். ஆனால் பிழையைக் கையாளும் பகுதியிலேயே ஒரு பிழை இருந்ததால், திரையில் வந்தது 80070643. அதாவது, காரணம் தெரிந்திருந்தும் கருவி 'காய்ச்சல்' என்று மட்டும் சொன்னது. அதை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. உலகெங்கும் மக்கள் நாள்கணக்கில் அந்த எண்ணின் பின்னே அலைந்தனர். வன்தட்டின் பகுதிகளைக் கட்டளைகளால் சுருக்கியும் விரித்தும் மாற்றியமைக்கும் முறையை நிறுவனம் எழுதி வெளியிட்டது. அது கைதேர்ந்தவர்களே அஞ்சிச் செய்யும் வேலை. அதைப் பொதுமக்கள் தலையில் சுமத்தியது முறையன்று என்பது என் கருத்து. தானாகவே சரிசெய்யும் வழி வரும் என்று காத்திருந்தோருக்கும், அப்படி ஒன்று வராது என்று சில மாதங்களுக்குப் பின் சொல்லிவிட்டனர்.

எண்ணே இல்லாமல் சொல்லால் பேசும் கருவிகளும் உண்டு. லினக்ஸ் வகையைச் சேர்ந்த 'பாஸ்' என்ற இயங்குதளம், அடையாற்றுக்கு அண்மையில் தரமணியில் உள்ள சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவானது, 2007-இல் வெளிவந்தது, டெபியன் என்ற உலகப் பொதுத் தளத்தை அடியாகக் கொண்டது. 1618-க்கு ஈடான நிலை அங்கே வந்தால், 'பூட்டைப் பெற முடியவில்லை' என்று பொருள்படும் வாக்கியம் ஒன்றை எழுதி, பூட்டு எந்தக் கோப்பு என்பதையும் காட்டும். உள்ளே வேறொருவர் தாழிட்டுக்கொண்டு வேலை செய்கிறார் என்பது படிப்பவருக்குப் புரியும். பொறுமையற்ற சிலர் அந்தப் பூட்டுக்கோப்பையே நீக்கிவிடுகின்றனர்; உள்ளே இருப்பவர் வேலையை முடிக்காத நேரமானால் பெருங்குழப்பம் விளையும்.

தமிழில் பெயர் எழுதியதால் வரும் தொல்லை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். புதிய கணிப்பொறியைத் திறந்தவுடன் 'உங்கள் பெயர்' என்று கேட்கும். தமிழ்ப்பற்று உள்ளவர்கள் தமிழிலேயே எழுதுகிறார்கள். விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்கிறது. சில வேளைகளில் அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறையையும் அமைத்துவிடுகிறது. பின்னர் பழைய பாணியில் எழுதப்பட்ட சில மென்பொருள்கள் அந்தக் கோப்புறையின் வழியே போகத் தெரியாமல் தடுமாறி, 2 என்றோ 3 என்றோ, 'கோப்பு இல்லை, வழி இல்லை' என்று சொல்லி நின்றுவிடுகின்றன. கோப்பு கண்முன்னே இருக்கும். அத்தகைய மென்பொருளை ஏற்றுவதற்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு புதிய பயனர் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். தமிழில் பெயர் எழுதியது குற்றமன்று. ஒருங்குறி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் ஆங்கிலத்தைத் தவிர வேறெழுத்து உலகில் உண்டென்று எண்ணாமல் மென்பொருள் எழுதுகிறவர்களே வெட்கப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றினும் நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் மயிலாப்பூரிலும் தனித்து வாழும் முதியோர் நம்மிடையே பலர். பிழை எண்ணைக் கண்டதும் அவர்கள் அதை இணையத்தில் இட்டுத் தேடுகிறார்கள். தேடல் முடிவுகளில் 'உதவி மையம்' என்று கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று நிற்கும். அழைத்தால் இனிமையாகப் பேசுவார்கள். 80070643 என்பது கொடிய நோய்க்கிருமி என்பார்கள். தொலைவிலிருந்து பார்க்க வேண்டுமென்று சொல்லி எனிடெஸ்க் போன்ற மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். அதன் எண்ணை நீங்கள் வாசித்துக் காட்டி, வரும் வேண்டுகோளுக்கு இசைவும் கொடுத்துவிட்டால், திரை அவர்கள் வசம். பிறகு சிறு கட்டணம் என்பார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். எனிடெஸ்க் நல்ல கருவிதான். அமெரிக்காவில் உள்ள மகன் அம்மாவின் கணிப்பொறியைச் சரிசெய்து கொடுப்பதும் அதனால்தான். திறவுகோலை யார் கையில் கொடுக்கிறோம் என்பதே வினா. இம்மோசடியைக் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தியபோது, தங்கள் பெயரில் போலி உதவி மையம் நடத்தி வெளிநாட்டினரை ஏமாற்றியவர்களைப் பற்றி மைக்ரோசாப்டும் அமேசானும் கொடுத்த முறையீடுகளும் அதில் அடங்கியிருந்தன.

மைக்ரோசாப்ட் தெளிவாகச் சொல்லியிருப்பது இது: தன் பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது. ஆகவே திரையில் தோன்றும் பெட்டியில் பிழை எண்ணுடன் தொலைபேசி எண்ணும் இருந்தால், அந்தப் பெட்டியே பொய். இதைத் தாத்தா பாட்டிகளுக்கு ஒருமுறை சொன்னால் போதாது. பெரிய எழுத்தில் எழுதிக் கணிப்பொறியின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். அதன்கீழ் 1930 என்ற எண்ணையும் எழுதுங்கள். பணம் போய்விட்டதென்று அறிந்த கணமே அழைக்க வேண்டிய, நாடு முழுவதற்கும் பொதுவான இணையக் குற்ற உதவி எண் அது. எத்துணை விரைவில் அழைக்கிறோமோ அத்துணை வாய்ப்பு, பணம் அடுத்த கைக்குப் போகுமுன் நிறுத்தப்படுவதற்கு.

உதவி கேட்கப் போகிறவர்கள் நான்கு செய்திகளோடு போனால் கேட்கப்படுபவருக்குப் பெரும் உபகாரம்: எண் முழுவதும், ஓர் இலக்கமும் விடாமல், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, விண்டோஸ் எந்தப் பதிப்பு, அதற்குமுன் கருவியில் என்ன செய்தீர்கள் என்பது. "ஏதோ எர்ரர் வந்தது, ஃபாதர்" என்று சொல்பவரிடம் நான் என்ன செய்ய இயலும்? பங்கு அலுவலகத்தில் கணிப்பொறியின் அருகே ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்குகிறது. எந்த நாளில் எந்த எண் வந்தது, எப்படித் தீர்ந்தது என்று அலுவலக உதவியாளர் அதில் எழுதி வருகிறார். திருமுழுக்குப் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கிய நாள் முதல் எழுதப்படும் புத்தகம் அது; நாற்பது பக்கங்களே நிரம்பியுள்ளன. அவற்றுள் பாதிக்கு மேல், "மீண்டும் திறந்ததும் சரியாயிற்று" என்று முடிகின்றன.

எந்த எண்ணைப் படித்தும் தீராத நிலையும் ஒன்று உண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் பெற்ற கருவிகள் இன்னும் சில இல்லங்களில் தங்கை தம்பியருக்குப் பயன்படுகின்றன. அவற்றுள் பலவற்றில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14 அன்றே நிறுத்திவிட்டது. கல்லூரியில் பைத்தான் பயிலும் மாணவி புதிய பதிப்பை அதில் ஏற்ற முயன்றால் நிறுவி மறுத்துவிடும், 3.9 பதிப்பு முதல் பைத்தான் விண்டோஸ் 7-இல் ஏறுவதில்லை. இணையத்தில் தேடி, ஏதோ ஒரு தளம் சொன்னபடி காணாமற்போன கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி ஒட்டவைக்க முயலும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அத்தகைய கோப்புகளோடு என்னென்ன கிருமிகள் வரும் என்பது எவருக்கும் தெரியாது. 3.8 பதிப்பு அக்கருவியில் ஏறும். தொடக்கப் பாடங்களுக்கு அது போதும். இல்லையேல் இலேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றிக்கொள்ளலாம். பழைய கருவியும் அதில் சற்று மூச்சு விடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதை வைத்திருப்போர் வன்தட்டில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று நிதானமாக எண்ணலாம்.

கடைசியாக, தியாகராய நகரிலிருந்து அஞ்சலட்டையில் 3010 என்ற எண்ணை மட்டும் எழுதி, "இது எவ்வளவு பெரிய பழுது?" என்று கேட்டிருக்கும் அன்பருக்கு: அது பழுதே அன்று. மென்பொருள் நன்றாக ஏறிவிட்டது. கணிப்பொறியை ஒருமுறை அணைத்துத் திறக்கச் சொல்கிறது.